இனிப்பு வெங்காயத்தைச் சாம்பாரில் போடாதீர்கள்

ஏப்ரல் பாதி தாண்டினால் ஜார்ஜியாவில் எந்தக் கடைக்குப் போனாலும் விடேலியா வெங்காயம் குவிந்திருக்கும். கொஞ்சம் தட்டையான உருவம், கை பட்டாலே உரிகிற மெல்லிய மஞ்சள் தோல், மேலே ஒரு சின்ன ஸ்டிக்கர். அந்த வெங்காயம் வந்ததும் நம் வீடுகளில் ஒரு வசனமும் வந்துவிடும்: "இந்த ஊர் வெங்காயத்துல என்ன இருக்கு? வெறும் தண்ணி!"

அட்லாண்டாவில் வளர்ந்த எனக்கு இந்த வசனம் மனப்பாடம். டொராண்டோவிலோ லண்டனிலோ சிட்னியிலோ வளரும் நீங்களும் இதைக் கேட்டிருப்பீர்கள். உங்கள் வீட்டில் அது தக்காளியைப் பற்றியோ மீனைப் பற்றியோ இருந்திருக்கலாம். ஊரில் இருப்பதுதான் அசல், இங்கே கிடைப்பது ஏதோ ஒன்று குறைந்த நகல் என்பது அதன் பொருள்.

என் கட்சி இது: இனிப்பு வெங்காயம் மட்டமான வெங்காயம் இல்லை. அதைத் தப்பான வேலைக்கு வைத்துவிட்டு, வேலை தெரியவில்லை என்று திட்டுகிறோம். அது என்ன, எப்படி வளர்கிறது, எதற்கு ஆகும், எதற்கு ஆகாது என்று தெரிந்துகொண்டால் நம் அடுக்களையில் அதற்கு ஒரு நல்ல இடம் இருக்கிறது. ஆனால் அந்த இடம் சாம்பார் சட்டி இல்லை.

இனிப்பு எங்கிருந்து வருகிறது?

பெயரைப் பார்த்து, இதில் சர்க்கரை அதிகம் என்று நினைப்போம். உண்மை அப்படி இல்லை. வருஷம் முழுக்க மூட்டையில் கிடைக்கும் சாதாரண மஞ்சள் வெங்காயத்தில் பெரும்பாலும் இதே அளவு சர்க்கரை இருக்கும், சில சமயம் கூடுதலாகவே இருக்கும். வித்தியாசம் காரத்தில்தான். காரம் குறைவாக இருப்பதால், இருக்கிற சர்க்கரை நாக்குக்குத் தெரிகிறது. அவ்வளவுதான்.

வெங்காயத்தின் காரம் கந்தகத்தில் இருந்து வருகிறது. செடி மண்ணில் உள்ள கந்தகத்தை உறிஞ்சி, சில சேர்மங்களாக மாற்றித் தன் செல்களுக்குள் வைத்துக்கொள்கிறது. அதே செல்லில் ஒரு நொதி தனி அறையில் இருக்கிறது. நாம் கத்தியை வைத்ததும் செல் உடைந்து இரண்டும் கலக்கின்றன. அப்போது பிறக்கிற வாயுதான் கண்ணைக் கரிக்கிறது. கூடவே பைருவிக் அமிலமும் உண்டாகிறது. ஆய்வகத்தில் அதை அளந்துதான் ஒரு வெங்காயத்தின் காரத்தைச் சொல்கிறார்கள். ஒரு கிராமுக்கு 5 மைக்ரோமோல் அளவிலோ அதற்குக் கீழோ இருந்தால் பொதுவாக அது இனிப்பு வெங்காயம். காரமான வகைகளில் இது 10-ஐயும் தாண்டும்.

தென்கிழக்கு ஜார்ஜியாவின் மண் மணல் கலந்தது. பெய்கிற மழை கந்தகத்தைக் கரைத்துக் கீழே இழுத்துக்கொண்டு போய்விடும். 1931-இல் டூம்ஸ் கவுண்டியில் மோஸ் கோல்மன் என்ற விவசாயி வெங்காயம் நட்டார். வழக்கமான கார வெங்காயம் வரும் என்று எதிர்பார்த்தார், வந்ததோ காரமே இல்லாத வெங்காயம். விற்பது முதலில் சிரமமாக இருந்தது. ஆனால் 50 பவுண்டு மூட்டையை 3.50 டாலருக்கு விற்றார். பொருளாதார மந்தம் வாட்டிய அந்தக் காலத்தில் அது நல்ல விலை. பார்த்த மற்ற விவசாயிகளும் வெங்காயத்துக்கு மாறினார்கள். 1940-களில் பக்கத்து ஊரான விடேலியாவில் மாநில அரசு ஒரு உழவர் சந்தை அமைத்தது. அங்கே வந்து வாங்கியவர்கள் "விடேலியா வெங்காயம்" என்று சொல்லத் தொடங்க, பெயர் நிலைத்துவிட்டது.

பெயர் விலை போகத் தொடங்கியதும் போலிகள் வந்தன. வேறு இடத்து வெங்காயத்தை விடேலியா என்று பைகளில் போட்டு விற்றார்கள். 1986-இல் ஜார்ஜியா சட்டம் போட்டது: 13 கவுண்டிகளிலும் இன்னும் 7 கவுண்டிகளின் சில பகுதிகளிலும் விளைந்தால் மட்டுமே அந்தப் பெயர். 1989-இல் மத்திய அரசின் சந்தை ஆணையும் வந்தது. 1990-இல் அது மாநிலத்தின் அதிகாரபூர்வக் காய்கறியானது.

இதில் எனக்குப் பிடித்த விஷயம் ஒன்று. அந்த மண்ணில் ஒன்று இல்லாததால்தான் அந்த வெங்காயத்துக்குப் பெயர் வந்தது. அதே விதையைக் கந்தகம் நிறைந்த மண்ணில் நட்டால் காரமான வெங்காயம்தான் வரும்.

"இந்த ஊர்" வெங்காயம் எந்த ஊர்?

விடேலியா என்ற பெயரில் இன்று விளைபவை கிரானெக்ஸ் வழி வந்த மஞ்சள் வகைகள். அந்த கிரானெக்ஸின் ஒரு பக்கத்து வேர் ஸ்பெயினில் இருந்து வந்த கிரானோ வகை. இன்னொரு பக்கம் பெர்முடா வகை. அமெரிக்காவில் இவற்றைக் கலந்து உருவாக்கினார்கள். "எங்கள் வெங்காயம்" என்று ஜார்ஜியா பெருமைப்படும் செடி, வெளியூர்ப் பெற்றோருக்குப் பிறந்த பிள்ளை.

வாஷிங்டன் மாநிலத்தின் வாலா வாலா வெங்காயமும் அப்படித்தான். சுமார் 1900-இல் பீட்டர் பியேரி என்ற பிரெஞ்சுச் சிப்பாய் கோர்சிகா தீவில் இருந்து விதையைக் கொண்டுவந்தார். அங்கே குடியேறியிருந்த இத்தாலியத் தோட்டக்காரர்கள் வருஷா வருஷம் நல்ல காய்களாகப் பார்த்து விதையெடுத்து வளர்த்தார்கள். 2007-இல் அது வாஷிங்டனின் அதிகாரபூர்வக் காய்கறி.

இதை ஏன் இத்தனை விரிவாகச் சொல்கிறேன்? "இங்கே பிறந்த பிள்ளைகளுக்கு அது தெரியாது, இது வராது" என்று நம்மைப் பற்றியும் பேசுகிறார்கள். சொல்கிறவர்கள் பாசமாகத்தான் சொல்கிறார்கள். ஆனால் இருபது வருஷம் கேட்டால் நாமே அதை நம்பிவிடுவோம். ஒரு பொருளிடம் இல்லாததை மட்டும் எண்ணிக்கொண்டிருந்தால், இருப்பது கண்ணில் படாது. காய்கறிக்கும் இது பொருந்தும், பிள்ளைகளுக்கும் பொருந்தும்.

நடுவதற்கு முன் பகலை அளவெடுங்கள்

கடையில் வாங்குவதோடு நிறுத்தாமல் ஒரு பாத்தி, அல்லது பால்கனியில் ஆழமான ஒரு தொட்டி, நீங்களே போட்டுப் பாருங்கள். ஆனால் பெயரைப் பார்த்து விதை வாங்காதீர்கள். உங்கள் ஊரில் பகல் எத்தனை மணி நேரம் என்று பாருங்கள்.

வெங்காயச் செடி காய் கட்டத் தொடங்குவது பகலின் நீளத்தைப் பார்த்துத்தான். குறும்பகல் வகைகளுக்கு 10 முதல் 12 மணி நேரப் பகல் போதும். இடைப்பகல் வகைகளுக்கு 12 முதல் 14. நெடும்பகல் வகைகளுக்கு 14 முதல் 16. விடேலியாவில் விளையும் கிரானெக்ஸ் குறும்பகல் வகை. அக்டோபர் 15-ஆம் தேதியை ஒட்டி விதைப்பதால் அந்தப் பெயர் பெற்ற டெக்சஸ் 1015-ம் அப்படியே. வாலா வாலா நெடும்பகல் வகை. பிரிட்டனின் பழைய வகையான எய்ல்சா கிரெய்கும் நெடும்பகல்தான்.

டொராண்டோவில் வசந்தத்தில் கிரானெக்ஸ் நட்டால் என்ன ஆகும்? செடி வளர்வதற்குள் பகல் நீண்டுவிடும். நாலு இலையோடு அவசரமாகக் காய் கட்டி, கோலிக்குண்டு அளவில் நின்றுவிடும். சிங்கப்பூரில் வாலா வாலா நட்டால் நேர் எதிர்: அங்கே பகல் வருஷம் முழுக்க 12 மணி நேரத்தை ஒட்டியே இருப்பதால், தாள் மட்டும் வளரும், அடியில் காய் திரளாது. டொராண்டோவுக்கும் லண்டனுக்கும் வாலா வாலாவும் எய்ல்சா கிரெய்கும் சரி. ஹூஸ்டன், அட்லாண்டா பக்கம் கிரானெக்ஸ் அல்லது 1015.

மற்றவை எளிது. வடக்கே இருப்பவர்கள் குளிர்காலக் கடைசியில் வீட்டுக்குள் விதைத்து, மண் இளகியதும் வெளியே நடுங்கள். தெற்கே இருப்பவர்கள் நவம்பர், டிசம்பரில் நாற்று நட்டு, ஏப்ரல், மே மாதங்களில் எடுக்கலாம். பென்சில் தடிமன் நாற்று போதும். அதைவிடப் பெரிதாக இருந்தால் குளிர் பட்டதும் பூத்தண்டு விட்டுவிடும். ஒரு அங்குல ஆழம், செடிக்குச் செடி 4 முதல் 6 அங்குல இடைவெளி. வேர் மேலாகவே இருக்கும் என்பதால் தண்ணீர் அடிக்கடி வேண்டும். ஒவ்வொரு இலையும் உள்ளே ஒரு வளையம். அதனால் காய் கட்டுவதற்கு முன் இலை எத்தனை வருகிறதோ அத்தனைக்குக் காய் பெரிதாகும். தழைச்சத்தை ஆரம்பத்தில் கொடுங்கள், அடி பருக்கத் தொடங்கியதும் நிறுத்துங்கள்.

முக்கியமான ஒன்று: அம்மோனியம் சல்பேட், ஜிப்சம், இணையத்தில் எல்லாரும் சொல்லும் எப்சம் உப்பு மூன்றிலும் கந்தகம் இருக்கிறது. ரோஜாவுக்குப் போட்டுக்கொள்ளுங்கள், இந்தப் பாத்திக்கு வேண்டாம்.

தாள் தானாகச் சாய்ந்ததும் பிடுங்கி, காற்றோட்டமான நிழலில் ஒன்றிரண்டு வாரம் கழுத்துப் பகுதி காயும்வரை விடுங்கள்.

அடுக்களையில் அதன் இடம்

இப்போது தலைப்புக்கு வருகிறேன். சாம்பாரில் ஏன் கூடாது? பச்சையாக இருக்கும்போது கண்ணைக் கரிக்கும் அதே கந்தகச் சேர்மங்கள்தான் வேகும்போது உருமாறி, குழம்புக்கு அடிமணத்தையும் கனத்தையும் கொடுக்கின்றன. இனிப்பு வெங்காயத்தில் அவை குறைவு, தண்ணீர் அதிகம். வதக்கினால் நீர் விட்டுக் குழையும், சிவக்க நேரமாகும். சிவந்த பிறகும் ஒரு தட்டையான தித்திப்புதான் மிஞ்சும். புளியும் பருப்பும் போட்டிபோடும் இடத்தில் அது காணாமல் போய்விடும்.

சாம்பாருக்கும் வத்தக்குழம்புக்கும் சின்ன வெங்காயம்தான். முழுசாகப் போட்டாலும் கரையாமல் நிற்கும். கடித்தால் உள்ளே இருந்து சாறு வரும். அது கிடைக்காத ஊரில் ஷேலட் வாங்குங்கள், அதுவும் இல்லையென்றால் சாதாரண மஞ்சள் வெங்காயம். குருமா, தொக்கு, பிரியாணி மசாலா மூன்றுக்கும் சாதாரண வெங்காயமே போதும். விலையும் குறைவு. தேங்காய்ச் சம்பல் இடிக்கவும் சின்ன வெங்காயம் வேண்டும். பழைய சோற்றுக்குக் கடித்துக்கொள்ளவும் அதுதான் வேண்டும், ஏனென்றால் அங்கே காரம்தான் விஷயம்.

இனிப்பு வெங்காயம் ஜெயிக்கும் இடங்கள் வேறு. முதலிடம் தயிர்ப் பச்சடி. மெல்லிசாக நறுக்கி, தயிரில் சேர்த்து, உப்பைக் கடைசி நிமிஷத்தில் போடுங்கள். முன்னாலேயே போட்டால் நீர்த்துவிடும். பிரியாணி பக்கத்தில் இதை வைத்தால் பச்சை வெங்காயம் என்றாலே ஓடுகிற தம்பி தங்கையும் சாப்பிடுவார்கள். சாப்பிட்டு மூன்று மணி நேரம் கழித்தும் வாயில் வாடை நிற்காது. பள்ளிக்கும் அலுவலகத்துக்கும் டப்பா கட்டுகிறவர்களுக்கு இதன் அருமை தெரியும்.

அடுத்தது பஜ்ஜி. பெரிய, தடித்த வளையங்கள் வரும். ஈரத்தை ஒரு துணியில் ஒற்றி, காய்ந்த கடலை மாவில் ஒருமுறை புரட்டி, அப்புறம் கரைசலில் தோய்த்துப் பொரித்தால் மாவு கழன்று வராது. ஊத்தப்பத்துக்கும் நல்லது. பொடியாக நறுக்கித் தூவி, எண்ணெய் விட்டு, மூடாமல் சுடுங்கள்.

மூன்றாவது, தெற்கு அமெரிக்கச் சமையலறைகளில் இருந்து எடுத்தது. முழு வெங்காயத்தின் நடுவைக் கொஞ்சம் குடைந்து, வெண்ணெயும் உப்பும் வைத்து, அலுமினியத் தாளில் சுற்றி, 375 டிகிரி ஃபாரன்ஹீட்டில் ஒரு மணி நேரம் சுடுவார்கள். வெண்ணெய்க்குப் பதில் நெய்யும், இடித்த மிளகும் சீரகமும் வையுங்கள். சூடான சோற்றோடு பிசைந்தால் வேறு குழம்பு வேண்டாம். ஊரில் யாரும் செய்ததில்லை என்றால் என்ன? நாம் இருக்கும் ஊரில் விளைவதை வைத்து நாம் செய்கிறோம். சமையல் இப்படித்தான் வளர்ந்திருக்கிறது. மிளகாயும் தக்காளியும் அமெரிக்கக் கண்டத்தில் இருந்து கப்பலில் வந்தவைதானே?

வைத்திருப்பதில் மட்டும் ஜாக்கிரதை. தண்ணீர் அதிகம் என்பதால் சீக்கிரம் அழுகும். உருளைக்கிழங்கோடு சேர்த்து வைக்காதீர்கள். ஜார்ஜியாவில் பழைய மெல்லிய காலுறைக்குள் ஒவ்வொரு வெங்காயமாகப் போட்டு, நடுவில் முடிச்சுப் போட்டுத் தொங்கவிடுவார்கள். ஒன்றோடொன்று படாது, காற்றும் படும்.

இனிக்காத பகுதி

இதைச் சொல்லாமல் முடித்தால் இது வெறும் விளம்பரம் ஆகிவிடும். இந்த வெங்காயம் மெல்லிய தோல் கொண்டது, சீக்கிரம் நசுங்கும். அதனால் அறுவடை கையால்தான் நடக்கிறது. அந்தக் கைகள் பெரும்பாலும் எச்-2ஏ என்ற தற்காலிக விவசாய விசாவில் வருகிறவர்களுடையவை.

2021-இல் தெற்கு ஜார்ஜியாவில் மத்திய அரசு 24 பேர் மீது குற்றம் சாட்டியது. விசாரணைக்கு வைத்த பெயர் ஆபரேஷன் புளூமிங் ஆனியன். மெக்சிகோ, குவாத்தமாலா, ஹோண்டுராஸ் நாடுகளில் இருந்து வந்தவர்களின் பாஸ்போர்ட்டுகளைப் பறித்துக்கொண்டார்கள், துப்பாக்கி காட்டி மிரட்டி வெறுங்கையால் வெங்காயம் பிடுங்க வைத்தார்கள், ஒரு வாளிக்கு 20 சென்ட் கொடுத்தார்கள் என்றது குற்றப்பத்திரிகை. குறைந்தது இரண்டு தொழிலாளர்கள் வேலைச் சூழலால் இறந்ததாகவும் சொன்னது.

எல்லாப் பண்ணைகளும் அப்படி என்று நான் சொல்லவில்லை. ஆனால் இந்தச் செய்தியைத் தமிழர்கள் நாம் அந்நியச் செய்தியாகப் படிக்க முடியாது. நேட்டாலின் கரும்புக்கும், மலாயாவின் ரப்பருக்கும், இலங்கையின் தேயிலைக்கும் கப்பலேற்றிக் கொண்டுபோகப்பட்டவர்கள் நம்மவர்கள். இதைப் படிக்கும் சிலருக்கு அது குடும்பக் கதை. இனிப்பான ஒரு பொருளின் விலையை யார் கட்டுகிறார்கள் என்று கேட்பது நமக்குப் புதிய பழக்கமாக இருக்கக் கூடாது.

வாங்குகிறவர் என்ன செய்ய முடியும்? முதலில் ஸ்டிக்கரைப் படிக்கலாம். விடேலியா என்ற பெயருக்குச் சட்டக் காவல் உண்டு, எங்கே விளைந்தது என்று உறுதியாகத் தெரியும். வெறுமனே "இனிப்பு வெங்காயம்" என்றால் அது எங்கிருந்தும் வந்திருக்கலாம். அமெரிக்காவில் இலையுதிர் காலத்தில் கிடைப்பது பெரும்பாலும் பெருவில் இருந்து வருகிறது. பக்கத்தில் உழவர் சந்தை இருந்தால், விளைவித்தவரிடமே வாங்கி, அறுவடைக்கு யார் வருகிறார்கள், அவர்களுக்கு என்ன கூலி என்று கேட்கலாம். மரியாதையாகக் கேட்டால் பதில் சொல்வார்கள். ஒதுக்குவது தீர்வு இல்லை. நாம் வாங்காவிட்டால் முதலில் வேலை போவது அந்தத் தொழிலாளிக்குத்தான். கேள்வி கேட்டு வாங்குவது வேறு.

ஆகவே இந்த சீசனில் இரண்டு வெங்காயமும் வாங்குங்கள். சின்ன வெங்காயத்தை உட்கார்ந்து உரித்துச் சாம்பாரில் போடுங்கள். இனிப்பு வெங்காயத்தை நறுக்கித் தயிரில் போட்டு அதே சாப்பாட்டுக்குப் பக்கத்தில் வையுங்கள். "வெறும் தண்ணி" என்று யாராவது சொன்னால் வாதாட வேண்டாம். பச்சடிக் கிண்ணத்தை அவர் பக்கம் நகர்த்துங்கள்.